1040 செட் பண்ணினால் உள்ளே 1100 தாண்டுது: கன்ட்ரோலரா, தெர்மோகப்புளா, எஸ்எஸ்ஆரா?

நீலாங்கரை மண்கூடம்:

வணக்கம். ஸ்டூடியோவில் உள்ள மின்சூளையில் மூணு கோளாறு சேர்ந்து நிக்குது. விவரம் முழுசா தர்றேன், எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

சூளை முன்பக்கக் கதவு வச்சது, 9 கிலோவாட், மூணு ஃபேஸ். ஒரு ஃபேஸுக்கு 3 கிலோவாட் காயில் (சூடாக்குற கம்பிச்சுருள்), ஸ்டார் கனெக்‌ஷன், நியூட்ரல் உண்டு. ஃபேஸுக்கு ஒண்ணா மூணு எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையுற பாகம் இல்லாத மின்னணு சுவிட்ச்), எல்லாம் 25 ஆம்பியர். அதுக்கு முன்னாடி ஒரு காண்டாக்டர் (மின்காந்தத்தில் இயங்குற பெரிய சுவிட்ச்), அது புஷ் பட்டனில் ஓடுது. கன்ட்ரோலர் 96க்கு 96 மி.மீ. சைஸ் பிஐடி (சூட்டைப் பார்த்து தானே பவரைக் கூட்டிக் குறைக்கிற வகை), ராம்ப்-சோக் (படிப்படியா ஏத்தி, ஒரு சூட்டில் நிறுத்தி வைக்கிற வசதி) உள்ளது. சென்சார் கே டைப் தெர்மோகப்புள் (ரெண்டு வேற உலோகக் கம்பியைச் சேர்த்துச் சூடு அளக்கிறது), பீங்கான் குழாயில். பின்சுவரில் அதன் தலை (கேபிளை மாட்டுற டெர்மினல் பகுதி), அங்கிருந்து பேனலுக்கு மூணு மீட்டர் கேபிள்.

முதல் கோளாறு: 1040 டிகிரி, 15 நிமிஷம் சோக் வச்சு சுட்டதில் 04 கோன் (சூட்டுக்கு வளையுற அளவுக் கூம்பு; 04, 03, 02ன்னு போகப் போக கூடுதல் சூட்டில் வளையும்) படுத்துடுச்சு, 03ம் படுத்துடுச்சு, 02 பாதி வளைஞ்சிருக்கு. செம்மண் தட்டுகள் கோணிப்போச்சு, கிளேஸ் வழிஞ்சு ஷெல்ஃபில் ஒட்டியிருக்கு. டிஸ்ப்ளே கடைசி வரைக்கும் 1040தான்.

ரெண்டாவது: ப்ரோக்ராம் முடிஞ்சு அவுட்புட் லைட் அணைஞ்ச பிறகும் சூளை ஆறலை. மறுநாள் காலையிலும் 600க்குக் கீழே இறங்கலை. எம்சிபியை ஆஃப் பண்ணின பிறகுதான் ஆற ஆரம்பிச்சது.

மூணாவது: 950க்கு மேல் போனதும் எண் 6 முதல் 10 டிகிரி வரைக்கும் மேலும் கீழும் குதிக்குது.

தெர்மோகப்புளும் கேபிளும் புதுசு. முதல் கோளாறு அதை மாத்தின பிறகுதான். டெக்னீஷியன் தெர்மோகப்புளைக் கொதிக்கிற தண்ணியில் விட்டுப் பார்த்தார், சரியா 100 காட்டுச்சு. வேற ஒரு கன்ட்ரோலரை மாட்டியும் பார்த்தாச்சு, அதே கதை. ‘ஆஃப்செட்ல (டிஸ்ப்ளே எண்ணோட நிலையா ஒரு எண்ணைக் கூட்டுற செட்டிங்) ஒரு 65 போட்டு ஓட்டுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். போடலாமா?

சர்க்யூட் சாமி:

ஆஃப்செட் போடாதீங்க. கன்ட்ரோலர் மாத்தியும் அதே கோளாறுன்னா கன்ட்ரோலர் மேல பழி போட வழியில்லை. இதுக்குன்னு இன்னொண்ணு வாங்கிடாதீங்க.

இதைவிட அவசரம் ரெண்டாவது கோளாறு. அவுட்புட் லைட் அணைஞ்சும் சூடு போகுதுன்னா எஸ்எஸ்ஆர் ஒண்ணு ஷார்ட், அதாவது எப்பவும் ஆன்லயே ஒட்டிக்கிச்சு. அதைச் சரி பண்ற வரைக்கும் ஒவ்வொரு ஃபயரிங் முடிஞ்சதும் எம்சிபியை ஆஃப் பண்ணுங்க, ஆள் இல்லாம விடாதீங்க. கேபிள் கலர் என்ன? ஒரு க்ளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்பியர் அளக்கிற மீட்டர்) கிடைக்குமா?

மில்லிவோல்ட்:

மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்போம். ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் கோளாறை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கன்ட்ரோலருக்கு வெப்பநிலை தெரியாது. அதற்கு வருவது சில மில்லிவோல்ட்தான். சூளைக்குள் இருக்கும் முனைக்கும் கம்பி வந்து சேரும் டெர்மினலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான் அந்த மில்லிவோல்ட் சொல்கிறது. டெர்மினல் எவ்வளவு சூடு என்று கன்ட்ரோலர் தானே அளந்து, அதைக் கூட்டி டிஸ்ப்ளேயில் போடுகிறது. தெர்மோகப்புள் தலையிலிருந்து கன்ட்ரோலர் வரை வரும் கேபிள் சரியான வகையாக, சரியான முனையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். உங்கள் விவரத்தைப் பார்த்தால் சந்தேகம் அங்கேதான்.

வெந்நீர் சோதனை தேறியது என்கிறீர்கள். தேறத்தான் செய்யும். கோளாறு இருந்தாலும் தேறும். கொதிநீரில் முனையை விடும்போது தெர்மோகப்புளின் தலை அறை வெப்பத்தில் இருக்கிறது, கன்ட்ரோலரும் அறை வெப்பத்தில் இருக்கிறது. கேபிளின் இரு முனைக்கும் வெப்ப வேறுபாடே இல்லாதபோது கேபிள் தன் பங்குக்கு எதையும் கூட்டாது, கழிக்காது. அது தலைகீழாக இருந்தாலும், சாதாரணச் செம்புக் கம்பியாக இருந்தாலும் 100தான் காட்டும். சென்னை கடல் மட்டம், தண்ணீர் 100ல் கொதிக்கிறது, கணக்கு அழகாகப் பொருந்துகிறது, டெக்னீஷியனும் நம்பிவிடுகிறார். சூளை எரியும்போதுதான் தலை 60, 70, 80 என்று சுடும். அப்போதுதான் கேபிளின் குற்றம் வெளியே வரும்.

கேபிளில் மூன்று நிலை உண்டு.

கே டைப்புக்கான கேபிள், ப்ளஸ் ப்ளஸோடும் மைனஸ் மைனஸோடும் சேர்ந்திருந்தால் பிழை இல்லை.

சாதாரண வயர் போட்டிருந்தால், தலைக்கும் கன்ட்ரோலர் டெர்மினலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ ஏறத்தாழ அத்தனை டிகிரி குறைத்துக் காட்டும்.

சரியான கேபிளையே இரண்டு முனையிலும் மாற்றிப் போட்டிருந்தால், அந்த வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு குறைத்துக் காட்டும். இதுதான் கண்ணில் படாத குற்றம். ஒரு முனையில் மட்டும் மாறியிருந்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும், உடனே பிடித்துவிடலாம். இரண்டு முனையிலும் மாறினால் எண் ஒழுங்காகவே ஏறும். யாருக்கும் சந்தேகம் வராது. டிஸ்ப்ளே 60, 70 டிகிரி பின்தங்க, சூளை அதே அளவு மேலே போய்விடும்.

இது நடப்பதற்குக் காரணம் நிறக் குழப்பம். கே டைப் கேபிளில் பச்சை-வெள்ளை என்று ஒரு முறை, அதில் பச்சை ப்ளஸ், வெள்ளை மைனஸ். அமெரிக்க முறையில் மஞ்சள்-சிவப்பு, அதில் மஞ்சள்தான் ப்ளஸ், சிவப்பு மைனஸ். எலக்ட்ரீஷியன் கைக்குச் சிவப்பு என்றால் ப்ளஸ். இரண்டு முனையிலும் சிவப்பை ப்ளஸில் மாட்டிவிட்டுப் போவார்.

நிறத்தை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள். கே டைப்பில் மைனஸ் கால் அலுமெல். குளிர்ந்த நிலையில் காந்தத்தில் ஒட்டும். ப்ளஸ் கால் குரோமெல், ஒட்டாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். தெர்மோகப்புளின் இரண்டு காலையும் கேபிளின் இரண்டு கம்பியையும் இப்படிப் பாருங்கள். கேபிளில் ஒரு கம்பிகூட ஒட்டவில்லை என்றால் அது ஒன்று சாதாரண வயர், அல்லது செம்பும் கான்ஸ்டன்டனும் வைத்த மலிவு வகை. அதில் செம்பு நிறக் கம்பி ப்ளஸ்.

பிறகு அளவு எடுங்கள். முதலில் கன்ட்ரோலர்: பவரை எடுத்து, சென்சார் கம்பிகளைக் கழற்றி, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் சேர்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். பேனலுக்குள் என்ன வெப்பமோ அதைக் காட்ட வேண்டும், 35, 38 போல. காட்டினால் உள்ளீட்டுப் பகுதி ஒழுங்காக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இன்புட் டைப் கேயில்தான் இருக்கிறதா என்று மெனுவிலும் ஒரு முறை பாருங்கள்.

அடுத்து சூளையை 600க்கு ஏற்றி அரை மணி நிறுத்துங்கள். டிஸ்ப்ளே எண்ணைக் குறித்துக்கொண்டு மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்யுங்கள். இது கட்டாயம், பின்சுவரில் காயில் முனைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தலையில் கேபிளைக் கழற்றி, தெர்மோகப்புளின் டெர்மினலில் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து ஒரு அளவு எடுங்கள். கேபிளைத் திரும்ப அதே மாதிரி மாட்டி, பேனல் பக்கம் கழற்றிய முனைகளில் இன்னொரு அளவு. சூளை ஆறிக்கொண்டே இருக்கும், இரண்டையும் ஓரிரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். தலை எத்தனை டிகிரி, பேனலுக்குள் எத்தனை டிகிரி என்பதும் வேண்டும்.

கேபிள் சரியென்றால் பேனல் பக்கம் மில்லிவோல்ட் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் பேனல் தலையைவிடக் குளிர்ச்சி. செம்பு வயர் என்றால் இரண்டும் சமம். கேபிள் தலைகீழ் என்றால் பேனல் பக்கம் குறையும். எண்ணைப் போடுங்கள், கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

நீலாங்கரை மண்கூடம்:

ரொம்ப நன்றி சார். அளவுகள் இதோ.

டெர்மினலை ஷார்ட் பண்ணினா டிஸ்ப்ளே 38. இன்புட் டைப் கேதான். கேபிள் மேலுறை மஞ்சள், உள்ளே மஞ்சளும் சிவப்பும். ரெண்டு முனையிலும் சிவப்புதான் ப்ளஸில் இருக்கு. காந்தம் சிவப்புக் கம்பியில் ஒட்டுது, மஞ்சளில் ஒட்டலை.

டிஸ்ப்ளே 600 இருக்கும்போது தலையில் 24.7 மில்லிவோல்ட், பேனல் முனையில் 23.4. தலை 70 டிகிரி, பேனல் 38.

ஒரு ஃபயரிங்கில் அவுட்புட் லைட் அணைஞ்சிருந்தப்ப க்ளாம்ப் மீட்டர் வச்சுப் பார்த்தேன்: ஆர் ஃபேஸ் 0, ஒய் ஃபேஸ் 0, பி ஃபேஸ் 12.6 ஆம்பியர். அப்போ வோல்டேஜ் 222.

மில்லிவோல்ட்:

கேபிள் தலைகீழ். வேறு விளக்கத்துக்கு இடமே இல்லை.

கே டைப் அட்டவணைப்படி 70 டிகிரிக்கு 2.85 மில்லிவோல்ட், 38க்கு 1.53. தலையில் கிடைத்த 24.7ஓடு 2.85ஐக் கூட்டினால் 27.55. அட்டவணையில் 650 டிகிரிக்கு 27.03, மீதியையும் சேர்த்தால் 662. அதாவது டிஸ்ப்ளே 600 என்று சொன்னபோது சூளைக்குள் 662. பேனல் பக்கம் 23.4ஓடு 1.53ஐக் கூட்டினால் 24.93, அது 600. கன்ட்ரோலர் தனக்கு வந்ததைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. கேபிள் நேராக இருந்திருந்தால் பேனல் முனையில் 26.0 வந்திருக்க வேண்டும்.

தலைக்கும் பேனலுக்கும் 32 டிகிரி வித்தியாசம், அதன் இரு மடங்கு 64. நமக்குக் கிடைத்தது 62. சாதாரண மல்டிமீட்டரில் 0.1 மில்லிவோல்ட் என்பதே இரண்டரை டிகிரிக்குப் பக்கம், ஆகவே இதைவிட நெருக்கமாக எதிர்பார்க்க வேண்டாம். 1040ல் தலை இன்னும் கொஞ்சம் சுட்டிருக்கும். உள்ளே 1105, 1110 என்று வைத்துக்கொள்ளுங்கள். 02 கோன் பாதி வளைந்ததற்கு அது பொருந்துகிறது. நம்மூர்ச் செம்மண் பெரும்பாலும் 1100ஐத் தாங்காது, கோணும், கொப்புளிக்கும்.

இரண்டு முனையிலும் மாற்றுங்கள்: மஞ்சள் ப்ளஸில், சிவப்பு மைனஸில். கழற்றும்போதே கம்பி நுனியைப் புதிதாகச் சீவி, மாட்டும் திருகுகளையும் சுத்தம் செய்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் பித்தளைத் திருகு பச்சை பூத்துவிடும், அந்தப் படலம் தொடர்பைக் கெடுக்கும். மாற்றிய பிறகு 600ல் அதே இரண்டு அளவையும் திரும்ப எடுங்கள். பேனல் பக்கம் கூடுதலாக வர வேண்டும்.

ஆஃப்செட் ஏன் கூடாது என்பதும் இப்போது தெரிந்திருக்கும். இந்தப் பிழை சூளை குளிர்ந்திருக்கும்போது பூஜ்யம், 600ல் 62, அதற்கு மேல் இன்னும் அதிகம். கதவை ஒட்டி ஃபேன் ஓடினால் ஒன்று, கத்திரி வெயிலில் ஒன்று. நிலையாக இல்லாத பிழையை நிலையான ஓர் எண்ணால் சரிக்கட்ட முடியாது. 65 போட்டிருந்தால் 100 டிகிரியில் மெதுவாக உலர்த்தும் கட்டத்தில் உண்மையில் 40க்கும் 50க்கும் நடுவே நின்றிருக்கும், ஈரம் போகாத பாத்திரம் அடுத்த ராம்பில் வெடித்திருக்கும்.

அம்பத்தூர் பேனல்:

பி ஃபேஸ் எஸ்எஸ்ஆர் போச்சு. கணக்கு பாருங்க: 3 கிலோவாட் காயில் 230 வோல்ட்டில் 17.6 ஓம். 222ஐ அதால் வகுத்தா 12.6. காயில் முழுசா ஆன்ல இருக்கு, கன்ட்ரோலர் பேச்சைக் கேட்கலை. 9ல 3 கிலோவாட் ராத்திரி பூரா ஓடினா சூளை எப்படி ஆறும்?

உறுதி பண்ண: ஐசொலேட்டர் ஆஃப், டெஸ்டர் வச்சு கரண்ட் இல்லைன்னு பார்த்துக்குங்க. எஸ்எஸ்ஆரோட அவுட்புட் பக்கம் ஒரு வயரைக் கழட்டிட்டு ஓம் ரேஞ்சில் பாருங்க. நல்லதுன்னா மெகா ஓம் கணக்கில் காட்டும். செத்ததுன்னா பூஜ்யத்துக்குப் பக்கம். லோடு இல்லாம வோல்டேஜ் மட்டும் பார்த்து எஸ்எஸ்ஆர் லீக்னு தூக்கிப் போடாதீங்க. நல்ல எஸ்எஸ்ஆரிலும் சில மில்லி ஆம்பியர் கசியும், மீட்டர் 200 வோல்ட்டுக்கு மேல காட்டிப் பயமுறுத்தும். ஒரு 100 வாட் குண்டு பல்பை லோடா மாட்டினா உண்மை தெரிஞ்சுடும்.

எஸ்எஸ்ஆர் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், ஓபன் ஆகாது. அதனால இதை ஒரு நாள் நடக்கப் போற விஷயம்னு வச்சு பேனல் கட்டணும். உங்க சூளையில் நியூட்ரல் இருக்கிறதால ஒண்ணு போனதுமே தெரிஞ்சுது. நியூட்ரல் இல்லாத ஸ்டாராவோ டெல்ட்டாவாவோ லைன்ல எஸ்எஸ்ஆர் போட்டிருந்தா, ஒண்ணு ஷார்ட் ஆனாலும் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாம சும்மா கிடக்கும். ரெண்டாவதும் போற அன்னைக்குத்தான் தெரியும்.

13 ஆம்பியருக்கு 25 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் பேப்பரில் போதும். நம்ம ஊர் வெயிலில் மூடின டப்பாவுக்குள்ள போதாது. ஒவ்வொண்ணும் ஓடும்போது ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்கு மேல சூடு கக்கும், மூணுக்கும் சேர்த்து 45, 50 வாட். வெளியே 40 டிகிரின்னா டப்பாவுக்குள்ள 55 சர்வசாதாரணம். கன்ட்ரோலரே பொதுவா 50 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்னு போட்டிருப்பான். அதனால மூணையும் 40 ஆம்பியரா மாத்துங்க, இல்லேன்னா செத்ததை மட்டுமாவது. அலுமினியம் ஹீட் சிங்க், துடுப்புகள் செங்குத்தா நிக்கணும், அப்பத்தான் காத்து கீழேருந்து மேல போகும். எஸ்எஸ்ஆர் அடியில் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாத் தடவுங்க, அப்பி வைக்கிறதால லாபம் இல்லை. டப்பாவில் கீழே வலை, மேல ஒரு 4 இன்ச் ஃபேன். ரிச்சி தெருவில் (சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற தெரு) ஒரே மாதிரி லேபிளோட டூப்ளிகேட் நிறையச் சுத்துது. கையில் எடுத்தா எடையிலேயே வித்தியாசம் தெரியும், பில் குடுக்கிற கடையில் வாங்குங்க.

வயர் 4 ஸ்கொயர் செம்பு, நுனியில் லக் வச்சு க்ரிம்ப். சூளை பக்கம் காயில் முனைக்குப் போற கடைசி அரை மீட்டர் பிவிசி வேண்டாம், கண்ணாடி இழை உறை போட்ட வயர். எம்சிபி எஸ்எஸ்ஆரைக் காப்பாத்தாது, அது வயரைக் காப்பாத்தத்தான். எஸ்எஸ்ஆரைக் காப்பாத்த வேகமா போற செமிகண்டக்டர் ஃப்யூஸ் தனியா இருக்கு.

முக்கியமானது காண்டாக்டர். புஷ் பட்டனில் மட்டும் ஓடுதுன்னு சொன்னீங்க. அந்தக் காண்டாக்டரோட காந்தக் காயில் (சூடாக்குற காயில் இல்லை) லைனைக் கன்ட்ரோலரோட அலாரம் ரிலே வழியா இழுங்க. ஹை அலாரம் 1080ல வச்சா, அதைத் தாண்டின உடனே காண்டாக்டர் விழும், அதாவது ஆஃப் ஆகும். விழுந்தது தானா திரும்ப ஏறக் கூடாது, பட்டன் அமுக்கினாத்தான் ஏறணும். ப்ரோக்ராம் முடிஞ்சா ஒரு ரிலே மாறுற வசதி உங்க மாடல்ல இருந்தா அதையும் அதே லைன்ல சீரிஸா (தொடரா) சேருங்க, ராத்திரி நிம்மதி.

ஆனா ஒண்ணு. அலாரமும் அதே தெர்மோகப்புளைத்தான் பார்க்குது. இந்த முறை நடந்த மாதிரி அளவே தப்பா வந்தா அலாரமும் சேர்ந்து ஏமாறும். இன்னொரு தெர்மோகப்புள், இன்னொரு சின்ன ஆன்-ஆஃப் கன்ட்ரோலர், அதோட ரிலே காண்டாக்டர் காயிலுக்கு. அதுதான் சரியான பாதுகாப்பு.

கோன் 04:

எண் குதிக்கிறதுக்கு ஒரு சுலபமான சோதனை. கேபிளைச் சரி பண்ணின பிறகு, 1000ல் இருக்கும்போது காண்டாக்டரை மட்டும் பத்து வினாடி விழ வையுங்க, கன்ட்ரோலர் ஆன்லயே இருக்கட்டும். குதிப்பு உடனே நின்னா காயிலோட மின்சாரம் சென்சாருக்குள் கசியுது, அல்லது பவர் வயர் கேபிளைத் தொந்தரவு பண்ணுது. பவர் இல்லாமலும் குதிச்சா தலையில் திருகு தளர்வு, அல்லது முனையின் வெல்டில் விரிசல்.

950க்கு மேல்தான் ஆரம்பிக்குதுன்னு நீங்க சொன்னதால கசிவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். குளிர்ந்திருக்கும்போது நல்ல இன்சுலேட்டரா இருக்கும் செங்கல்லும் பீங்கான் குழாயும் அந்தச் சூட்டில் லேசா மின்சாரம் கடத்தும். குழாய் காயிலைத் தொட்டுக்கிட்டு இருந்தாலோ, குழாயில் விரிசல் இருந்தாலோ, மேல உள்ள காயில் தொங்கிக் குழாய் மேல சாஞ்சிருந்தாலோ இது வரும். ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க. குழாயைச் சுத்தி 2 செ.மீ. ஆவது காலியா இருக்கணும். சூளையின் இரும்புக் கூட்டுக்கு எர்த் உண்டான்னும் பாருங்க. ஸ்க்ரூவில் பச்சை வயர் தெரிஞ்சா போதாது, பெயின்ட் சுரண்டின இரும்பில் பிடிச்சிருக்கணும்.

கேபிள் பவர் வயரோட ஒரே பைப்பில் வருதுன்னா அதைப் பிரிச்சு ஒரு சாண் தள்ளிக் கொண்டு போங்க. குறுக்கே கடக்கணும்னா நேர்குறுக்கா. கேபிளுக்கு ஷீல்டு இருந்தா பேனல் பக்கம் மட்டும் எர்த், ரெண்டு பக்கமும் வேண்டாம். கன்ட்ரோலர் மெனுவில் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கும், அதைக் கூட்டினா எண் ஆடாம நிக்கும். ஆனா அது வலியை மறைக்கிற மாத்திரை, கடைசியில் பார்த்துக்கலாம்.

இன்னொண்ணு: முனை உள்சுவரைத் தாண்டி எவ்வளவு நீட்டியிருக்குன்னு அளந்தீங்களா? 3 முதல் 5 செ.மீ. வேணும். சுவரோட சமமா நின்னா செங்கல்லோட சூட்டைத்தான் வாசிக்கும், வேகமா ஏத்தும்போது பின்தங்கும். ஷெல்ஃப் அதைத் தொடாம அடுக்குங்க.

எல்லாம் சரி பண்ணின பிறகு முதல் ஃபயரிங்கை நல்ல பாத்திரம் வச்சுப் பண்ணாதீங்க. மேல், நடு, கீழ் ஷெல்ஃபில் 05, 04, 03 கோன் மூணு மூணா வையுங்க. 1040ல் சோக் முடிஞ்சா 04 வளையலாம், வளையாமலும் போகலாம். கடைசி நூறு டிகிரியை எவ்வளவு வேகமா ஏத்தினீங்கங்கிறதைப் பொறுத்து கோன் விழுற சூடு மாறும். மெதுவா ஏத்தினா 1060 பக்கம், வேகமா ஏத்தினா இன்னும் மேல. கேபிள் தப்பா இருந்த காலத்தில் ‘1000 போட்டா சரியா வருது’ன்னு எழுதி வச்ச குறிப்பெல்லாம் இனி செல்லாது, 60 டிகிரி கூட்டித்தான் படிக்கணும்.

அப்புறம் கிளேஸ் வழிஞ்ச ஷெல்ஃபை முதலில் உளி வச்சு சுத்தம் பண்ணுங்க. கண்ணாடி போட்டுக்குங்க, தெறிக்கிற துண்டு பிளேடு மாதிரி.

நீலாங்கரை மண்கூடம்:

ரெண்டு முனையும் மாத்தியாச்சு. 600ல் தலை 22.2, பேனல் 23.4. தலை 67 டிகிரி, பேனல் 38. பி ஃபேஸ் எஸ்எஸ்ஆர் ஓம் ரேஞ்சில் 0.4தான் காட்டுது, மூணையும் 40 ஆம்பியரா மாத்தச் சொல்லியிருக்கேன்.

ஒரு துணைக் கேள்வி. அடுத்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடுற கெட்டியான மண்பாண்டம்), 1220 பக்கம் போகணும்னு ஆசை. கே டைப்பே போதுமா, எஸ் டைப்புக்குப் போகணுமா?

மில்லிவோல்ட்:

22.2ஓடு 67 டிகிரிக்கான 2.73ஐக் கூட்டினால் 24.93, 600. பேனல் பக்கமும் 600. கேபிள் இப்போது நேர்.

1220க்கு முதலில் உங்கள் காயிலும் செங்கல்லும் அந்தச் சூட்டுக்கு உரியவைதானா என்று செய்தவரிடம் கேளுங்கள். அவை சரியென்றால், சென்சாரைப் பொறுத்தவரை கே டைப் அங்கே போகும், ஆனால் நிலைக்காது. 1100க்கு மேல் அதன் கம்பி ஆக்ஸிஜனேற்றத்தால் மெல்ல மாறி, எண் நகர ஆரம்பிக்கும். 3 மில்லிமீட்டர் தடிமன் கம்பி மெல்லியதைவிட வெகுநாள் தாங்கும். எப்போதாவது ஸ்டோன்வேர் என்றால் தடிமனான கே டைப்பும், ஒவ்வொரு ஃபயரிங்குக்கும் ஒரு கோனும் போதும். வாராவாரம் என்றால் எஸ் டைப், பிளாட்டினம் என்பதால் விலை கடிக்கும்.

எஸ்ஸுக்கு மாறினால் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும்: சென்சார், அதற்குரிய கேபிள், கன்ட்ரோலரில் இன்புட் டைப். 1000 டிகிரியில் கே 41.3 மில்லிவோல்ட் தரும், எஸ் 9.6தான் தரும். சென்சாரை மாற்றிவிட்டு மெனுவை மறந்தால், உள்ளே 1000 இருக்கும்போது டிஸ்ப்ளே 270 போலக் காட்டிக்கொண்டு இன்னும் சூடு கேட்கும். அம்பத்தூர் பேனல் சொன்ன இரண்டாவது சென்சார் அன்றைக்குத்தான் சூளையைக் காப்பாற்றும்.

போரூர் வாசகர்:

இதே திரியில் கேட்டுக்கிறேன். என் கிட்ட சின்ன சிங்கிள் ஃபேஸ் சூளை, எஸ்எஸ்ஆர் கிடையாது, காண்டாக்டர் மட்டும்தான். புது பிஐடி மாட்டின பிறகு 2 வினாடிக்கு ஒரு தரம் டக் டக்னு அடிக்குது. ஆட்டோ ட்யூன் (கன்ட்ரோலர் தன் செட்டிங்கைத் தானே சரி பண்ணிக்கிற வசதி) பண்ணினா சரியாகுமா?

அம்பத்தூர் பேனல்:

ஆட்டோ ட்யூனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. மெனுவில் சைக்கிள் டைம்னு ஒண்ணு இருக்கும் (எத்தனை வினாடிக்கு ஒரு தரம் ஆன்-ஆஃப் ஆகணும்னு), எஸ்எஸ்ஆருக்குன்னு 2ல வச்சு வந்திருக்கு. காண்டாக்டருக்கு 20 வையுங்க. 2லயே ஓடவிட்டா ஒரு மணி நேரத்துக்கு 1800 தரம் அடிக்கும், பாயின்ட் கருகி ஒரு நாள் ஒட்டிக்கும், அப்புறம் உங்களுக்கும் சூளை ஆறாது. காண்டாக்டர் காயில் மேல ஒரு ஆர்சி ஸ்நப்பரும் (ஆன்-ஆஃப் ஆகும்போது வர்ற மின் உதையை அடக்குற சின்னப் பாகம்) போட்டுடுங்க, 0.1 மைக்ரோ ஃபாரட், 100 ஓம், 230 ஏசிக்குன்னு போட்டதா கேளுங்க. கழட்டும்போது பாயின்டைப் பாருங்க. முகத்தில் குழி விழுந்திருந்தா உப்புத்தாள் வச்சுத் தேய்க்காதீங்க, வெள்ளிப் பூச்சு போயிடும், செட்டா மாத்திடுங்க.